அறுநூறு ரூபாய்ச் சுற்றுலா



போன வருஷம் எங்கள் வகுப்பு ஊட்டிக்கு டூர் போனபோது எனக்குக் காய்ச்சல். எல்லோரும் திரும்பி வந்து தொட்டபெட்டாவில் எடுத்த போட்டோக்களைக் காட்டினார்கள். நானும் பார்த்துவிட்டு, "அடடா, வர முடியாமப் போச்சே" என்று வருத்தப்பட்டேன். இந்த மலரில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. தலைக்கு 2,800 ரூபாய் என்றார்கள். அது என்னிடம் இல்லை. அவ்வளவுதான்.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வாரம் எங்கள் வகுப்பில் என்னையும் சேர்த்துப் பதினாலு பேருக்கு ஏதோ ஒன்று வந்திருக்கிறது. சிலருக்குக் காய்ச்சல், சிலருக்கு வயிற்றுவலி. ஒருவனுக்குப் பாட்டி இறந்துவிட்டார். முதலாம் ஆண்டு டூரின்போதும் அதே பாட்டிதான் இறந்தார்!

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். சொந்த ஊர் காயல்பட்டினம். வாப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் வேலை. உம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் கேட்டிருந்தால் வாப்பா யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது அந்த 2,800 ரூபாயைத் தந்திருப்பார். தந்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் நான் கேட்கவே இல்லை. என்னைப் போன்ற பலருக்கும் இதுதான் நிலைமை. வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. இருக்கிறது என்று பொய் சொல்லிக் கடன் வாங்குவார்களே, அதுதான் பயம்.

அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு கருத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுற்றுலாவுக்குத் திட்டம் போடும்போது நாம் முதலில் ஊரை முடிவு செய்கிறோம். பிறகு பஸ், பிறகு ஓட்டல், கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஆட்களால் வகுக்கிறோம். வரும் தொகையைக் கொடுக்க முடிந்தவன் வருகிறான், முடியாதவனுக்குக் காய்ச்சல் வருகிறது. இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் காசை முடிவு செய்ய வேண்டும். அதுவும் யார் கையில் குறைவாக இருக்கிறதோ, அவர் கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காசுக்கு எந்த ஊர் கிடைக்கிறதோ அதுதான் நம் ஊர்.

இந்த வருஷம் இதைச் செய்து பார்த்தோம். விடுதி அறையில் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்தோம். வர விரும்புகிறவர்கள் தம்மால் முடிந்த தொகையைப் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போட வேண்டும். எழுதிய தொகைகளிலேயே எது குறைவோ அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். அதிகம் எழுதியவர் மீதியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் பத்தொன்பது சீட்டுகள். 2,000 இருந்தது, 1,500 இருந்தது. நான் 800 என்று எழுதியிருந்தேன். நான்தான் கடைசியாக இருப்பேன் என்று நினைத்தேன். ஒரு சீட்டில் 600 என்று இருந்தது. அது யார் எழுதியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நான்கு மாணவிகளின் சீட்டில் தொகையோடு இன்னொரு வரியும் இருந்தது. "ராத்திரி தங்க வீட்டில் விடமாட்டாங்க." பட்ஜெட் என்றால் காசு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அனுமதியும் ஒரு பட்ஜெட்தான் என்று அந்தச் சீட்டுகள் சொல்லிக் கொடுத்தன. அதனால் சனிக்கிழமைப் பகலில் பார்க்க வேண்டியதை எல்லாம் மாலை ஐந்து மணிக்குள் முடித்து, அவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேரும்படி திட்டம் போட்டோம்.

சரி, இரண்டு நாள், 600 ரூபாய், எந்த ஊர்? "தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர்" என்றேன். உடனே ஒருவன், "ஏலே, உங்க ஊர்ல உப்பையும் புரோட்டாவையும் விட்டா என்னல இருக்கு?" என்றான். அவனுக்காகவும், உங்களில் அப்படி நினைப்பவர்களுக்காகவும் நாங்கள் போன வழியைச் சொல்கிறேன்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. நாள் பார்த்துத்தான் வைத்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கந்த சஷ்டி, வைகாசி விசாகம் என்றால் திருச்செந்தூரில் கால் வைக்க இடமிருக்காது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, அன்றைக்குத் தூத்துக்குடியே நிரம்பி வழியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும். மலிவாகப் போக நினைக்கிறவர்கள் காலண்டரை முதலில் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து காலை பஸ்ஸில் தூத்துக்குடி. அங்கே பனிமய மாதா கோயில், கடற்கரைச் சாலை, பழைய துறைமுகம் எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். ஆட்டோ வேண்டியதில்லை. மாதா கோயிலுக்கு 1982-இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து இந்தக் கரையின் பரதவ மக்களோடு சேர்ந்து வந்த கோயில். உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலே மனசு அமைதியாகிறது. நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

முத்துநகர் என்று பெயர் வைத்திருக்கிறோமே, முத்து எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. 1961-க்குப் பிறகு இங்கே அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிகள் வற்றிவிட்டன. ஆனால் குளிப்பவர்கள் வற்றவில்லை. திரேஸ்புரத்திலிருந்து இன்றும் சங்கு குளிக்கப் போகிறார்கள். படகு பிடித்துப் பக்கத்துத் தீவுகளுக்குப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது.

கடற்கரைச் சாலையில் நின்றபோது எங்கள் பேச்சு வ.உ.சி.யைப் பற்றிப் போனது. 1906-இல் அவர் சுதேசி நாவிகச் சங்கத்தைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டிக்கெட் விலையை அடியோடு குறைத்தது. சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம் என்றுகூடச் சொன்னது. டிக்கெட் விலையை வைத்தே ஒரு சுதந்திரப் போர் நடந்த ஊர் இது. மலிவான டிக்கெட்டில் எப்போதும் நன்மைதான் என்று நினைக்கக்கூடாது, அதை யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதும் நாங்கள் அங்கே நின்று பேசிக்கொண்டதுதான். 2011-இல் கொழும்புக்கு மறுபடியும் ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதங்களில் நின்றுபோனது.

பழைய துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் விடமாட்டார்கள். வெளியில் இருந்தே தோணிகளின் மரங்கள் தெரியும். இங்கிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் எல்லாம் தோணியில் போகிறது. அங்கேதான் என் வாப்பா வேலை செய்கிறார் என்று சொன்னேன் அல்லவா? இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் நண்பர்கள் கேட்டபோது, "வாப்பா துறைமுகத்துல இருக்காங்க" என்று மட்டும்தான் சொன்னேன். அதிகாரி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வாப்பா வெளியே வந்தார். கைலியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. "வாங்க மக்களே, சாப்டீங்களா?" என்று அவர்தான் ஆரம்பித்தார். ஒருவன், "மாமா, இவ்வளவு மூட்டையை ஏத்துதீங்களே, தோணி கவிழாதா?" என்று கேட்டான். வாப்பா கீழே குந்தி, தரையில் விரலால் தோணி வரைந்து காட்டினார். "கனமானது எல்லாம் கீழ, நடுவுல வைக்கணும். மேல வச்சா ஆடும். ஒரு பக்கமா வச்சா சாஞ்சிரும். கடல்ல ஆடுனாலும் மூட்டை நகராம இறுக்கணும். தண்டல் கண்ணாலயே பார்த்துச் சொல்லிருவாரு."

எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "லே, இது ஈர்ப்பு மையம்ல! மெக்கானிக்ஸ்ல நாம மனப்பாடம் பண்ணினது இதுதான்" என்றான். பத்தொன்பது டிப்ளமோ மாணவர்கள் மூன்றாம் வகுப்புப் படித்த ஒருவரைச் சுற்றி நின்று முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். தொழிற்சாலைப் பார்வை என்று நம்மை அழைத்துப் போகிறார்களே, அதில் எதிலும் நாங்கள் இப்படிக் கேட்டதில்லை. இதற்கு ஆன செலவு, டீ செலவு மட்டும். அதையும் வாப்பாவே கொடுத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மாணவிகளை பஸ் ஏற்றிவிட்டு நாங்கள் பதினைந்து பேர் காயல்பட்டினம் பஸ் ஏறினோம். வழியில் பழையகாயல் வருகிறது, முக்காணி வருகிறது, தாமிரபரணிப் பாலம் வருகிறது. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது கொற்கை. பாண்டியர்களின் துறைமுகம். இன்று அது கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வயலுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் தள்ளிப் போனது. கடல் போன பக்கம் துறைமுகமும் போனது. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இரண்டாயிரம் ஆண்டுத் துறைமுக வரலாறு ஜன்னலுக்கு வெளியே போகிறது. ஜன்னல் சீட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, காயல் என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்ததாம். அந்தக் காயல் பழையகாயல்தான் என்று கால்டுவெல் எழுதினார். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு டீ கிடைக்காது.

ராத்திரி எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் பக்கத்து வீட்டு மாடியிலுமாகத் தங்கினோம். ஆளுக்கு ஒரு போர்வை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். உம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இடியாப்பமும் மீன் ஆணமும் செய்தார்கள். சாமான்களுக்கு எங்கள் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தோம். முதலில் உம்மா வாங்க மறுத்தார். "இது எங்க பட்ஜெட்ல இருக்கு உம்மா, வாங்கலேன்னா கணக்கு உதைக்கும்" என்றான் பொருளாளர் நண்பன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அதிகாலை பாங்கு சத்தத்தில் விழிப்பு வந்தது. கடற்கரைக்கு நடந்து போய்ச் சூரியன் எழும்புவதைப் பார்த்தோம். சங்கரன்கோவில் பக்கத்து நண்பன் ஒருவன் அன்றுதான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறான். நம் கல்லூரியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிற கடல்! ஊட்டியைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். ஒன்றும் பேசாமல் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தான். (நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலோடு நிற்பதுதான் நல்லது.)

அங்கிருந்து திருச்செந்தூர் எட்டு கிலோமீட்டர். இரண்டு மாணவிகள் அவர்கள் ஊரிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொண்டார்கள். நண்பர்கள் சாமி கும்பிட்டு வரும்வரை நான் கடற்கரையில் பைகளுக்குக் காவல். முந்தின நாள் மாதா கோயிலில் ஒரு கிறிஸ்தவ நண்பன் விளக்கம் சொன்னான், எங்கள் ஊர் முடுக்குகளில் நான் வழிகாட்டினேன், இங்கே ஒரு முருக பக்தன் தலைமை. சாயங்காலம் திருநெல்வேலிக்கு ரயில். டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர்கள் வரிசையாக வந்தன.

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றபோது எல்லோரும் எட்டிப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17 இரவு பெருமழையில் சென்னைக்குப் போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோன இடம் இது. சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரே நாளில் எங்கள் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் ஊரும் தண்ணீரில் கிடக்கும்போதே, பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஊருக்குப் போனால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

இனி கணக்கு. பஸ், ரயில் 120. சாப்பாடு 300. மக்ரூன், கருப்பட்டி மிட்டாய் 60. பொதுச் செலவு 120. ஆக 600. அதிலும் மீதி வந்து ஆளுக்கு 38 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். பகலில் மட்டும் வந்த மாணவிகளுக்கு 250-க்குள் முடிந்தது.

இதில் பெரிய மிச்சம் எங்கே வந்தது என்று பாருங்கள். தங்கும் செலவு இல்லை. எந்தச் சுற்றுலாவிலும் பாதிப் பணத்தை விழுங்குவது லாட்ஜ்தான். இதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வாத்தியார் வழி கண்டுபிடித்திருக்கிறார். ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல் மழையில் மாட்டிக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி எல்லோரும் படுத்தார்கள். விடுமுறையில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் சும்மாதானே பூட்டிக் கிடக்கின்றன, அவற்றிலேயே மாணவர்கள் தங்கினால் என்ன என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. இன்று உலகம் முழுக்க இருக்கிறது. ஹாம்பர்க் துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் அப்படியொரு விடுதி. ஜன்னலைத் திறந்தால் கப்பல்! அந்த ஊரில் நகரப் பேருந்துக்கு எடுத்த டிக்கெட்டிலேயே துறைமுகப் படகிலும் ஏறலாமாம். பணக்கார நாட்டிலேயே மாணவனுக்கு மலிவாக ஒரு கட்டில் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். நாம் யோசிக்க வெட்கப்படுகிறோம்.

"அப்போ ஊட்டிக்கே போகக்கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். மலையைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் வகுப்புச் சுற்றுலா என்று பெயர் வைத்தால் வகுப்பே வர வேண்டும். பதினாலு பேரை விட்டுவிட்டுப் போனால் அது வகுப்புச் சுற்றுலா இல்லை, காசு உள்ளவர்கள் சுற்றுலா. "இல்லாதவனுக்கு நாங்க போட்டுக் கொடுக்கோம்" என்று சில நல்ல மனசுக்காரர்கள் சொல்கிறார்கள். நன்றி. ஆனால் அடுத்தவன் காசில் போகிறவன் பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவான். யாரும் சொல்லாமலே அங்கே போய் உட்காருவான். 600 ரூபாய்க் கணக்கில் எல்லோரும் சம பங்குக்காரர்கள்.

நம் மாணவர் மன்றத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, அடுத்த ஆண்டு முதல் எந்த வகுப்புச் சுற்றுலாவுக்கும் முதலில் சீட்டுப் பெட்டி வைக்க வேண்டும். ஊரின் பெயர் பிறகு. இரண்டு, பக்கத்து மாவட்டப் பாலிடெக்னிக் மாணவர் மன்றங்களோடு பேச வேண்டும். சனி, ஞாயிறுகளில் விடுதிகளில் பாதி அறைகள் காலி. அவர்கள் வந்தால் நம் விடுதியில் தங்கட்டும். நாம் போனால் அவர்கள் விடுதியில் தங்குவோம். போர்வை நம்முடையது, சாப்பாட்டுச் செலவு நம்முடையது. கொடைக்கானல் பக்கம் ஒரு கல்லூரி சம்மதித்தால் மலையும் 1,000 ரூபாய்க்குள் வந்துவிடும். முதல்வர் அவர்களும் விடுதிக் காப்பாளர் அவர்களும் மனம் வைத்தால் இது நடக்காத காரியம் இல்லை.

அந்த பிஸ்கட் டப்பா இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. மன்றம் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். பிப்ரவரியில் பெயர் கொடுத்த பத்தொன்பது பேரில் எட்டுப் பேர், போன வருஷம் என்னோடு காய்ச்சலில் கிடந்தவர்கள். இந்தத் தடவை ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. பாட்டியும் நல்ல சுகமாக இருக்கிறாராம்.